ஹாக்கி மட்டையின் கைப்பிடி எவ்வளவு நேர்?

குறுக்குக்கேள்வி:

பக்கத்துத் திரியில் ஒருவர் "கடந்த ஆயிரம் ஆண்டுகளில் பூமி இவ்வளவு சுட்டதே இல்லை, இது நிரூபணமான விஷயம்" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்பது ஒன்றுதான். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அளந்தது யார்? உலகச் சராசரி போடும் அளவுக்கு வெப்பமானிப் பதிவு இருப்பது ஏறக்குறைய 1850க்குப் பிறகுதான். அதற்கு முந்தையதெல்லாம் மரவளையம், பவளம், பனிக்கட்டி, ஏரிச் சேறு என்று சுற்றி வளைத்துப் பிடித்த கணக்கு.

1998இல் மைக்கேல் மான், பிராட்லி, ஹியூஸ் என்ற காலநிலை விஞ்ஞானிகள் மூவரும் 600 ஆண்டு வெப்பநிலைக்கு ஒரு வளைவு போட்டார்கள். மறு ஆண்டே அதை ஆயிரம் ஆண்டுக்கு நீட்டினார்கள். காலநிலை மாற்றம் பற்றிய ஐநா குழுவான ஐபிசிசியின் 2001 அறிக்கையில் அதுதான் எல்லார் கண்ணிலும் பட்ட படம். தொள்ளாயிரம் ஆண்டு கைப்பிடிபோல் கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும், கடைசி நூறு ஆண்டில் நுனிபோல் விர்ரென்று ஏறும், அதனால் ஹாக்கி மட்டை என்று பெயர். ஆனால் அதே ஐபிசிசியின் 1990 அறிக்கையில் இடைக்காலத்தில் ஒரு நல்ல மேடு இருந்தது. 11 ஆண்டில் அந்த மேட்டை யார் இடித்தது?

சுரங்கத் துறையில் இருந்த கனடாக்காரர் ஸ்டீபன் மெக்கின்டயரும் பொருளாதாரப் பேராசிரியர் ராஸ் மெக்கிட்ரிக்கும் 2003இலும் 2005இலும் அந்தக் கணக்கைப் பிரித்து மேய்ந்தார்கள். பல தொடர்களில் பொதுவாக ஓடும் போக்குகளை வலுவின் வரிசைப்படி முதல் கூறு, இரண்டாம் கூறு என்று பிரித்தெடுப்பது முதன்மைக் கூறு ஆய்வு. அதைச் செய்யும்போது ஒவ்வொரு தொடரிலிருந்தும் அதன் முழு நீளத்தின் சராசரியைக் கழிக்க வேண்டும். மான் குழு 1902 முதல் 1980 வரை உள்ள சராசரியை மட்டும் கழித்திருந்தது. விளைவு, இருபதாம் நூற்றாண்டில் எந்தத் தொடர் விலகி நிற்கிறதோ அதற்குத்தான் பெரிய எடை விழுகிறது. வெறும் சிவப்பு இரைச்சலை, அதாவது நேற்றைய மதிப்பின் வாசனை இன்றும் கொஞ்சம் ஒட்டியிருக்கும் தற்போக்கு எண்களை, உள்ளே விட்டாலும் முதல் கூறு மட்டை வடிவில் வருகிறது என்று காட்டினார்கள். ஒரு நிறுவனத்தின் கணக்கை இப்படி எழுதிக் கொடுத்தால் தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவாரா?

வானவில்7:

அரைத்த மாவையே எத்தனை வருஷம் அரைப்பீர்கள்? இது 20 ஆண்டுப் பழைய கதை. எண்ணெய்க் கம்பெனிகள் காசு கொடுத்துக் கிளப்பிவிட்டது.

குறுக்குக்கேள்வி:

காசு யார் கொடுத்தால் என்ன, கழித்தல் தப்பா சரியா, அதைச் சொல்லுங்கள்.

வளையம் எண்ணி:

கழித்தல் தப்புதான். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசுகிறேன், இல்லாவிட்டால் இந்தத் திரி பத்துப் பக்கம் அங்கேயே சுற்றும். கொஞ்ச காலம் மரவளைய ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான், இப்போது வேறு துறை.

நண்பர் பாதியில் நிறுத்திவிட்டார். 1400ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் கட்டத்துக்கான கணக்கில் வட அமெரிக்காவின் 70 மரவளையத் தொடர்கள் இருந்தன. கழித்தலைச் சரியாகச் செய்தால் அந்த மட்டை வடிவம் முதல் கூறிலிருந்து நான்காம் கூறுக்கு இறங்குகிறது. இறங்குகிறதே தவிர மறையவில்லை. இரண்டு கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டால் மட்டை காணாமல் போகும். நான்கைந்து கூறுகளை வைத்துக்கொண்டால் திரும்பி வரும். எத்தனை கூறு வைப்பது என்பதற்கும் விதி உண்டு, அந்த விதிப்படி போனால் நான்காவது உள்ளே வரும் என்பது மான் தரப்பின் வாதம். 2007இல் வால், அம்மான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மொத்தக் கணக்கையும் திரும்பச் செய்தார்கள். கழித்தல் பிழையைத் திருத்தினால் வளைவு கொஞ்சம்தான் மாறுகிறது என்று வந்தது.

1990 படத்தின் மேடு பற்றி: அது அளந்து போட்ட படமே இல்லை, ஒரு தோராயச் சித்திரம். அதன் மூலம் பிரிட்டிஷ் காலநிலை ஆய்வாளர் ஹூபர்ட் லேம்ப் மத்திய இங்கிலாந்துக்காக வரைந்த வளைவு. ஒரு நாட்டின் நடுப்பகுதியை உலகம் என்று எடுத்துக்கொண்டு "மேடு எங்கே" என்று தேடினால் கிடைக்காது.

ஆனால் உங்கள் சந்தேகம் மொத்தமும் வீண் என்று நான் சொல்லவில்லை. எனக்கே உறுத்தும் இடம் வேறு. மரத்தில் துளைத்து எடுக்கும் மாதிரி ஏறக்குறைய பென்சில் பருமனுக்குத்தான் இருக்கும். அதை மரச்சட்டத்தில் ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, செல் சுவர் தெரியும் அளவுக்கு வழவழப்பாக்கி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு வளையமாக அளக்க வேண்டும். மோசமான ஆண்டில் வளையமே விழாமல் போவதும் உண்டு, அதனால் பக்கத்து மரங்களோடு ஒப்பிட்டுத்தான் ஆண்டு குறிப்போம். இதெல்லாம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை என்னவென்றால், இளமரத்தின் வளையம் அகலம், வயதாக ஆக ஒல்லி. அது வானிலை இல்லை, வயசு. அந்தச் சரிவைக் கணித்துக் கழிக்க வேண்டும். கழிக்கும்போது 300 ஆண்டு வாழ்ந்த மரத்தில் 300 ஆண்டு மெதுவாக நடந்த காலநிலை மாற்றமும் சேர்ந்து கழிந்துபோகலாம். குளிப்பாட்டிய தண்ணீரோடு பிள்ளையையும் ஊற்றுகிற கதை. இதைச் சமாளிக்க ஒரே பகுதியின் எல்லா மரங்களுக்கும் பொதுவான ஒரே வயதுக்கோடு வைக்கும் முறை இருக்கிறது. அதற்கு நிறைய மரம் வேண்டும், எல்லா இடத்திலும் கிடைக்காது. கைப்பிடி அளவுக்கு மீறி நேராக இருக்கிறதோ என்ற கேள்வி இங்கிருந்துதான் வர வேண்டும். 1902இலிருந்து இல்லை.

குறுக்குக்கேள்வி:

பிழையை ஒப்புக்கொண்டு பேசுகிற ஒருவர் கிடைத்ததே பெரிசு, நன்றி. ஆனாலும் விடமாட்டேன்.

நான்காம் கூறு என்றால் என்ன பொருள்? "வட அமெரிக்க மரங்களின் தலையாய போக்கு" என்று நின்றது உண்மையில் நான்காம் இடத்துப் போக்கு. அதையும் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் கலிஃபோர்னியா பக்கத்து உயர மலைகளில் நிற்கும் பிரிசில்கோன் பைன் என்ற ஒரு மர வகை. அந்த மரத்தின் பட்டை ஒரு பக்கம் செத்து, மிச்சப் பட்டை மட்டும் உயிரோடு கீற்றாக ஓடும். அந்தத் தொடர்களை எடுத்த கிரேபிலே இட்சோவோடு சேர்ந்து 1993இல் இந்த வளர்ச்சி கார்பன் டை ஆக்சைடு உரமாகிப்போனதால் இருக்கலாம் என்றுதான் எழுதினார். 2006இல் அமெரிக்க அறிவியல் அகாதமி குழுவும் கீற்றுப்பட்டை மரங்களை வெப்பக் கணக்கில் தவிர்க்கச் சொன்னது. பிரிசில்கோனை எடுத்துவிட்டால் 1998 வளைவின் பழைய பகுதி நிற்குமா? 1400ஆம் ஆண்டுக் கட்டத்துக்கு, சோதனைக்கென்று ஒதுக்கிவைத்த சரிபார்ப்புக் காலத்தில், வளைவு வெப்பமானியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் ஆர் வர்க்கம் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தது, நீங்கள் சொன்ன வால், அம்மான் அட்டவணையிலேயே இருக்கிறது.

அப்புறம் பெரிய கேள்வி. 1960க்குப் பிறகு வடகோளத்தின் வடக்கு ஓரத்தில் பல இடங்களில் வெப்பமானி ஏறுகிறது, அதோடு சேர்ந்து ஏற வேண்டிய மரவளைய அடர்த்தி இறங்குகிறது. கண்ணெதிரே ஏறிய சூட்டை 1980இல் பார்க்கத் தவறிய மரம் 1080இல் மட்டும் சரியாகப் பார்த்தது என்று எந்த நம்பிக்கையில் சொல்வது?

தென்றல்:

இடையில் ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். "இறக்கத்தை மறை" என்று காலநிலை விஞ்ஞானிகளின் ஒரு மின்னஞ்சல் 2009இல் கசிந்ததே, அது பூமி குளிர்வதை மறைத்தார்கள் என்பதுதானே?

வளையம் எண்ணி:

இல்லை, எல்லாரும் இடறி விழும் இடம் இது. அந்த இறக்கம் குறுக்குக்கேள்வி இப்போது சொன்ன மரவளைய இறக்கம். பிரிட்டிஷ் காலநிலை விஞ்ஞானி பில் ஜோன்ஸ் அந்த அஞ்சலை எழுதியது 1999இல், உலக வானிலை அமைப்பின் ஓர் அறிக்கை அட்டைப்படத்துக்காக. இறக்கம் ரகசியமும் இல்லை, மரவளைய ஆய்வாளர் கீத் பிரிஃபா 1998இலேயே அதைப் பற்றி நேச்சர் இதழில் கட்டுரை எழுதிவிட்டார்.

ஆனால் அந்த அட்டைப்படத்தை நான் காப்பாற்ற மாட்டேன். மரக் கோட்டின் கடைசி முனையை வெட்டி, வெப்பமானிக் கோட்டை ஒட்டி, இரண்டும் ஒன்றுபோலத் தெரிய விட்டிருந்தார்கள். ஒட்டிய இடம் இது என்று படத்தில் குறிக்கவில்லை. 2010இல் விசாரித்த மியூர் ரஸ்ஸல் குழு நேர்மையில் குறை காணவில்லை, ஆனால் அந்தப் படம் தவறாக வழிநடத்தக்கூடியது என்றுதான் எழுதியது. சரியாகத்தான் எழுதியது.

1080 கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி, முழுப் பதில் என்னிடம் இல்லை. இறக்கம் எல்லா மரத்திலும் இல்லை, பெரும்பாலும் வடக்கு ஓரத்தில். தெற்கே இருக்கும் தொகுதிகள் வெப்பத்தோடு ஒட்டித்தான் போகின்றன. பழைய காலத்தில் இரண்டு தொகுதியும் சேர்ந்தே ஏறி இறங்கின, பிரிந்தது இப்போதுதான் என்பது பிரிஃபா குழுவின் வாதம். இது ஆறுதல்தான், நிரூபணம் இல்லை. அதனால்தான் மரமே இல்லாத சான்றுகளையும் தேடுகிறோம்.

உண்மைவிளம்பி:

ஆக எல்லாமே பித்தலாட்டம் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். வெப்பமானி டேட்டாவையும் இவர்கள்தான் திருத்துகிறார்கள். சூடேறவே இல்லை. திரியை மூடலாம்.

குறுக்குக்கேள்வி:

ஐயா, இதை என் தலையில் கட்டாதீர்கள். நான் சந்தேகப்படுவது கைப்பிடியை, நுனியை இல்லை. வெப்பமானிப் பதிவையும் சந்தேகப்பட்டுத்தான் பார்த்தேன். பழைய கப்பல்களில் கான்வாஸ் வாளியில் கடல்நீரை மொண்டு, மேலே இழுத்து, வெப்பமானியை முக்குவார்கள். இழுக்கும் நேரத்தில் ஈரத் துணியில் காற்றடித்து நீர் குளிர்ந்துவிடும், அதனால் பழைய அளவீடு உண்மையைவிடக் குறைவு. பிறகு எஞ்சினுக்குள் இழுக்கும் நீரை அளந்தார்கள், அது கொஞ்சம் கூடுதல். இதைத் திருத்தினால் பழைய கடல் சூடாகிறது. அதாவது நீங்கள் சொல்லும் திருத்தம் உலக அளவில் மொத்த வெப்ப ஏற்றத்தைக் குறைக்கிறது, கூட்டவில்லை. ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர் உங்களை மாதிரியே சந்தேகத்தோடு பெர்க்லி எர்த் குழுவைத் தொடங்கி, முதலிலிருந்து கணக்குப் போட்டு, 2011இல் ஏற்றம் உண்மைதான் என்று எழுதினார்.

உண்மைவிளம்பி:

நீங்களும் அவர்கள் ஆள்தான் போல.

குறுக்குக்கேள்வி:

இரண்டு பக்கமும் அடி வாங்குகிறேன், பரவாயில்லை.

விட்ட இடத்துக்கு வருகிறேன். வளையம் எண்ணி சார் வயதுக்கோடு என்றார், அதைவிட எனக்குப் பயமாக இருப்பது பொறுக்கியெடுத்தல். நூற்றுக்கணக்கான தொடர்கள் இருக்கும். எது இருபதாம் நூற்றாண்டு வெப்பமானியோடு ஒத்துப்போகிறதோ அதை வைத்துக்கொள், மற்றதைத் தள்ளு, அதுதான் வெப்பத்தை உணரும் சான்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வீட்டில் கணினி இருக்கிறவர்கள் செய்து பாருங்கள்: ஆயிரம் போலித் தொடர்கள், உள்ளே எந்தச் செய்தியும் இல்லாத சிவப்பு இரைச்சல். கடைசி நூறில் ஏறுவதை மட்டும் பொறுக்கிச் சராசரி எடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பின்லாந்தின் கோர்ட்டயார்வி ஏரிப் படிவை எடுத்த டில்ஜாண்டர் குழு, பிந்தைய நூற்றாண்டுகளில் மனிதர் வேலையால் படிவு கெட்டுவிட்டது என்று தாங்களே எச்சரித்திருந்தது. 2008இல் மான் குழு அதையும் வெப்பமானியோடு பொருத்தியது, அதில் சில தொடர்கள் தலைகீழாகப் போயின. 2009இல் வேறொரு ஆர்க்டிக் கட்டுரையில் அதே தொடருக்குத் திருத்தமே போட வேண்டியிருந்தது. 2012இல் ஆஸ்திரேலியப் பகுதிக்கான கெர்கிஸ் குழுக் கட்டுரை, பொறுக்கிய விதம் கட்டுரையில் எழுதியதுபோல் இல்லை என்று தெரிந்து திரும்பப் பெறப்பட்டு, 2016இல்தான் வந்தது.

சும்மா வந்தவன்:

செய்து பார்த்தேன். ராத்திரி தூக்கம் போச்சு.

ஆயிரம் தொடர், ஒவ்வொன்றும் ஆயிரம் ஆண்டு. கடைசி நூறில் ஏறுவதை மட்டும் பொறுக்கிச் சராசரி எடுத்தேன். அச்சு அசல் மட்டை. கைப்பிடி நேராக வரக் காரணமும் புரிந்தது: பழைய பகுதியில் ஒன்று ஏற ஒன்று இறங்க, எல்லாம் அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடுகிறது. கடைசிப் பகுதியில் நான்தான் இறங்குவதைத் தூக்கிப் போட்டுவிட்டேனே.

அதோடு நிறுத்தியிருந்தால் குறுக்குக்கேள்விக்கு மாலை போட்டிருப்பேன். இன்னொன்றும் செய்தேன். பாதித் தொடர்களுக்குள் ஓர் உண்மையான வெப்பக் கோட்டை ஒளித்துவைத்தேன், அதில் வேண்டுமென்றே 1000ஆம் ஆண்டு வாக்கில் ஒரு மேடு, கடைசியில் ஓர் ஏற்றம். மேல் முழுக்க இரைச்சல் தூவினேன். பொறுக்கினேன். மேடு வந்தது, ஆனால் நான் வைத்த உயரத்தில் இல்லை, நசுங்கி வந்தது. இரைச்சலைக் கூட்டக் கூட்ட நசுக்கலும் கூடுகிறது. ஆனால் முழுசாக அழிக்க வேண்டுமானால் செய்தியே மூழ்கும் அளவுக்கு இரைச்சல் கொட்ட வேண்டியிருக்கிறது.

வளையம் எண்ணி:

தம்பி, நீங்கள் ஒரு ராத்திரியில் செய்ததைத்தான் 2004இல் ஹான்ஸ் வான் ஸ்டார்ச் குழு கணினிக் காலநிலை மாதிரியிலிருந்து உருவாக்கிய போலிச் சான்றுகளை வைத்துச் செய்து, இந்த முறைகள் பழைய ஏற்ற இறக்கத்தை நசுக்குகின்றன என்று சயன்ஸ் இதழில் எழுதியது. கருத்து பொதுவாக நின்றது, அளவில் சண்டை வந்தது. 2005இல் மோபெர்க் குழு நீண்ட கால அசைவை ஏரி, கடல் படிவுகளிலிருந்தும் குறுகிய அசைவை மரத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்தது. அதில் கைப்பிடி நன்றாகவே வளைகிறது, 1600 வாக்கில் பள்ளம், 1000 வாக்கில் மேடு. அப்போதும் அந்த மேடு 1990க்குப் பிந்தைய மட்டத்தைத் தொடவில்லை.

பொறுக்கலே தேவைப்படாத சான்றுகளும் உண்டு. நிலத்தின் மேல்பரப்புச் சூடு பாறை வழியே மெல்லக் கீழே இறங்கும். ஆழத்துளையில் வெப்பமானியை இறக்கினால் பழைய நூற்றாண்டுகளின் சூடு இன்னும் அங்கே இறங்கிக்கொண்டிருப்பது தெரியும். புள்ளியியல் தயவு இல்லை, வெப்பக் கடத்தல் சமன்பாடு மட்டும். 2000இல் ஹுவாங், போலாக், ஷென் மூவரும் 616 துளைகளை வைத்து ஐந்து நூற்றாண்டில் சுமார் 1 டிகிரி ஏற்றம், அதில் பாதி இருபதாம் நூற்றாண்டில் என்றார்கள். 2005இல் ஓர்லெமன்ஸ் 169 பனியாறுகளின் நீளத்தை வைத்துத் தனியாகக் கணக்கிட்டார், அதிலும் ஏற்றம் வெப்பமானியோடு ஒத்துப்போகிறது. இவற்றில் எதிலும் பிரிசில்கோனும் இல்லை, 1902 கழித்தலும் இல்லை.

குறுக்குக்கேள்வி:

துளை 500 ஆண்டு வரைதான் பேசும், பனியாறு அதைவிடக் குறைவு. நான் கேட்டது ஆயிரம்! 2006 அகாதமி குழுவும், ஜெரால்ட் நார்த் தலைமையில் உட்கார்ந்ததே அதுதான், கடைசி 400 ஆண்டுக்கு உயர்ந்த நம்பிக்கை, 900 முதல் 1600 வரை குறைந்த நம்பிக்கை, அதற்கு முன் மிகக் குறைவு என்றது. மானின் ஆயிரம் ஆண்டுக் கூற்றுக்கு அவர்கள் கொடுத்த சொல் "ஏற்கத்தக்கது". அந்தச் சொல்தான் பக்கத்துத் திரியில் "நிரூபணம்" ஆகிவிட்டது.

அதோடு 2013இல் மார்காட் குழு 73 சான்றுகளை வைத்து 11,300 ஆண்டுக்குப் போட்ட வளைவைப் பாருங்கள். சான்றுகளின் பிரிதிறன் நடுமதிப்பு 120 ஆண்டு, அதாவது ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுத்தரமாக அவ்வளவு இடைவெளி. அப்படி மழுங்கிய கோட்டின் நுனியில் பத்தாண்டுச் சராசரி வெப்பமானியை ஒட்டி "பார், எப்படி ஏறுகிறது" என்றால் எப்படி? பழைய காலத்தில் 50 ஆண்டு ஏறி 50 ஆண்டு இறங்கியிருந்தால் அந்தக் கோட்டில் தெரியவே தெரியாது. தங்கள் வளைவின் இருபதாம் நூற்றாண்டுப் பகுதி உறுதியானதில்லை என்று அவர்களே சொன்னார்கள். செய்தியில் வந்ததென்னவோ அந்த ஏற்றம்தான்.

வளையம் எண்ணி:

மார்காட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, செய்தியாளர்கள் கெடுத்தார்கள், எழுதியவர்களும் முதலிலேயே உரக்கச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். இடைக்காலம் இன்றைக்கு இணையாகச் சுட்டது என்று வைத்துக்கொள்வோம். சுட வைத்தது எது? அப்போது கார்பன் டை ஆக்சைடு 280 பிபிஎம் (பத்து லட்சத்தில் 280 பங்கு) வாக்கில் அசையாமல் இருந்தது, சூரியனும் எரிமலையும் கொடுத்த தூண்டல், அதாவது பூமியின் சூட்டை ஏற்றவோ இறக்கவோ செய்யும் தள்ளல், சிறியது. சின்னத் தூண்டலுக்கே பூமி அவ்வளவு துள்ளும் என்றால், 420ஐத் தாண்டிய இன்றைய தூண்டலுக்கு இன்னும் மோசமாகத் துள்ளும். கைப்பிடி வளைய வளைய உங்களுக்கு வெற்றி இல்லை, எல்லாருக்கும் வயிற்றில் புளி. கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைத் தடுப்பது 1859இல் டிண்டால் ஆய்வகத்தில் அளந்தது, 1896இல் அரேனியஸ் கணக்கிட்டது. அதில் மரவளையம் எங்கேயும் இல்லை.

குறுக்குக்கேள்வி:

அந்த வாதம் எனக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "முடிவு நல்லதா கெட்டதா" என்பதை வைத்து வளைவு நேரா கோணலா என்று தீர்மானிக்க முடியாது.

என் சண்டை இப்போது 2019இல் வந்த நியூகோம் குழுக் கட்டுரையோடு. பூமியின் 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பில் கடைசி 2000 ஆண்டின் மிகச் சூடான காலம் இருபதாம் நூற்றாண்டில்தான் என்கிறார்கள். தென்கோளத்தில், அதுவும் கடல்மேல், 1000ஆம் ஆண்டைத் தொடும் சான்று எவ்வளவு சொற்பம்! சான்று குறைந்த இடத்தில் முறை என்ன செய்யும் என்று நம் சும்மா வந்தவரே காட்டினார், நசுக்கும். நசுங்கிய இடத்தில் நேற்றுதான் அதிகச் சூடு என்று வராமல் வேறென்ன வரும்?

வளையம் எண்ணி:

ஏழு வெவ்வேறு முறைகளில் உலகச் சராசரியைப் போட்டுப் பார்த்த பேஜஸ் 2கே என்ற பன்னாட்டு ஆய்வுக் குழுவின் கட்டுரையும் அதே ஆண்டில் வந்தது. ஏழும் ஒரே மாதிரி நசுக்க வேண்டுமே? தரவு 2017இலிருந்து திறந்தே கிடக்கிறது, 692 தொடர்கள். இங்கே பேசிக்கொண்டிருப்பதற்குப் பதில் யாராவது ஓட்டலாம்.

சும்மா வந்தவன்:

இறக்கிவிட்டேன். இந்த வார இறுதியில் ஓட்டுகிறேன். மரவளையத்தைக் கழித்துவிட்டா, வைத்துக்கொண்டா?

குறுக்குக்கேள்வி:

எது வேண்டுமானாலும். ஆனால் எதைக் கழிக்கப்போகிறீர்கள் என்று ஓட்டுவதற்கு முன்னாலேயே இங்கே எழுதிவிடுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதினால் நான் நம்பமாட்டேன்.

வளையம் எண்ணி:

நானும்தான்.

சும்மா வந்தவன்:

சரி, எழுதுகிறேன். 1000ஆம் ஆண்டையாவது தொடும் தொடர்கள் மட்டும். வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பொறுக்கப் போவதில்லை. ஏறினால் சூடா குளிரா என்ற திசையைத் தரவை எடுத்தவர் சொன்னபடி வைப்பேன், நான் திருப்ப மாட்டேன். மரத்தோடு ஒரு தடவை, மரமில்லாமல் ஒரு தடவை, இரண்டு படத்தையும் போடுவேன், எது அசிங்கமாக வந்தாலும். ஏரிப் படிவில் கெட்டுப்போனது என்று எடுத்தவர்களே சொன்ன நூற்றாண்டுகளை வெட்டிவிடுவேன். வேறு ஏதாவது உண்டா? வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் சொல்லுங்கள், அதற்கப்புறம் விதியை மாற்ற மாட்டேன்.